ஓய்வுநாளும் உன் இடது காலும்

அன்பு மகனுக்கு,

கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் ஸ்தோத்திர வரியை இன்று எழுதவில்லை. எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எழுபத்து மூன்று வயதாகிறது, இனியும் தள்ளிப்போட முடியாது. போனில் சொல்ல வேண்டியதுதானே, எதற்கு இத்தனை பக்கம் என்று நீ கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் ஓசூரில் உன் கையில் இருக்கும் என்று தஞ்சாவூர் கடைக்காரப் பையன் சத்தியம் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த அவசரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், நீ கூப்பிட்டாய். மாவட்டக் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், பேத்தி எஸ்தரை அனுப்பச் சொல்லி அவள் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் கேட்டார், அடுத்த ஞாயிறு காலையில் தேர்வு, நான் முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றாய். "ஞாயித்துக்கெழமப்பா. சர்ச்ச விட்டுட்டு எப்புடி அனுப்புறது? நீங்களா இருந்தாலும் இதத்தானே சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாய். என் தலையில் குட்டு வைக்கிற மாதிரி இல்லை, எனக்கு மாலை போடுகிற மாதிரி கேட்டாய். அதோடு விட்டிருந்தால் ஒருவேளை நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், பழையபடி வாயை மூடிக்கொண்டு செத்திருப்பேன். நீ மேலே சொன்னாய்: "அதோட நம்ம வம்சத்துக்கு அது வராதுப்பா. என் எடது காலு கததான் உங்களுக்குத் தெரியுமே. புள்ள ஆசப்பட்டுப் போயி ஏமாந்து வந்து நிக்கும். இப்பவே வேணாம்னுட்டா நல்லதுல்ல?" நான் 'ம்' என்றேன். பின்னால் எஸ்தர் அழுகிற சத்தம் கேட்டது. அவள் அழுகிறாள் என்று நீ சொல்லவில்லை, எனக்குத்தான் கேட்டது.

உன் இடது காலில் ஒரு குறையும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அந்தக் குறையை உண்டாக்கியவன் நான்.

இதை நேராகச் சொல்லிவிட்டேன், இனி எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். தப்பிப்பதற்காக இல்லை. நம் குடும்பத்துக்கும் சபைக்கும் விளையாட்டுக்கும் நடுவில் இருக்கும் வழக்கு என்னோடு தொடங்கியதில்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் கொள்ளுத்தாத்தா இந்த வெண்ணாற்றங்கரையில் சிலம்ப வாத்தியார். மாரியம்மன் திருவிழாவில் அவர் கம்பு சுற்றாமல் தேர் நகராது என்பார்களாம். அவர் ஞானஸ்நானம் கேட்டுப் போனபோது மிஷனின் வெள்ளைக்காரத் துரை வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: கம்பை விட வேண்டும். திருவிழாவும் சாராயமும் அடிதடியும் அந்தக் கம்போடு சேர்ந்து வருகின்றன என்பது துரையின் எண்ணம். அதில் முழுப் பொய்யும் இல்லை. மனிதர் கம்பைக் கொண்டுபோய்க் அம்மன் கோயில் வாசலில் வைத்துவிட்டு வந்தார், அதற்கப்புறம் ஒரு குச்சியைக்கூட விரலில் வைத்துச் சுழற்றியதில்லை என்று என் அப்பா சொல்வார். மாட்டுப் பொங்கலுக்கு மாடு விரட்டப் போகக்கூடாது, சேவல் சண்டை பார்க்கக்கூடாது, தெருப் பிள்ளைகளோடு சடுகுடுகூட ஆடக்கூடாது என்று சபை அடுக்கிக்கொண்டே போனது. விளையாட்டு என்றால் பிசாசுக்குத் திறந்து வைத்த கொல்லைக் கதவு என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள்.

அப்படிக் கற்றுக்கொடுத்த அதே மிஷன்தான் ஒரு தலைமுறை கழித்துக் கப்பலில் தோல் பந்தை வரவழைத்தது. சீமையில் அப்போது அதுதான் புது எண்ணமாம்: பந்தாடுகிற பையன் குடிக்க மாட்டான், கெட்ட வழியில் போக மாட்டான், உடம்பைத் திடமாக வைத்திருப்பதும் தேவனுக்குச் செய்யும் ஊழியம்தான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த சபை நிலத்தில் ஒரு துண்டை மேடாக்கி மைதானம் போட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஜெபம், அப்புறம் விசில். ஒன்றை மட்டும் நான் எந்தக் கோபத்திலும் மறுக்க மாட்டேன். சபையின் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு வரிசையாக உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் அந்த மைதானத்தில்தான் ஒரே பந்தை உதைத்தார்கள், ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தார்கள். பிரசங்கத்தால் முடியாததைப் பந்து செய்தது. ஆனால் கொடுத்த கையோடு ஒரு கயிறும் கட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பந்தைக் கொண்டுபோய், போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில், நற்கருணைப் பாத்திரம் வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில்தான் பூட்டுத் திறக்கும். ஞாயிறு ஓய்வுநாள், அன்று பந்தைத் தொட்டவனுக்கு நற்கருணை அப்பமும் ரசமும் கிடையாது. பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர்கள் காலையில் பூசை பார்த்துவிட்டு மத்தியானம் ஜம்மென்று ஆடுவார்கள். கரையில் நின்று பார்த்து, "கட்டுப்பாடு இல்லாத ஜனங்க" என்று பெரியவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நாங்கள் பையன்கள் வயிறெரிந்துகொண்டு நிற்போம். நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதும் அதே அலமாரி, அதே மிஷன் பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஆனபோதும் அதே அலமாரி. சாவி மட்டும் என் கைக்கு வந்தது.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் நான் சபைக் கமிட்டிச் செயலராகவும் இருந்தேன். முன் பெஞ்சில் இடம், போதகருக்கு அடுத்தபடியாக மரியாதை. சம்பளம் வாங்கும் பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன மரியாதை இருந்தது? பி.டி. மாஸ்டர் என்றால் மழை பெய்தால் சும்மா இருக்கிற ஆள், அவ்வளவுதான். அதனால் அந்த முன் பெஞ்சு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அந்த வருஷம்தான் யோபுவின் மகன் சாமுவேல் மன்னார்குடிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்டில் ஆடி ஜெயித்து, சாயங்கால ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரமாகப் பார்த்துக் கோப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் வந்தான். யோபுவை உனக்கு நினைவிருக்கும், நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற மனிதர், அதிகம் பேசாதவர். கமிட்டி கூடியது. மூன்று மாதத்துக்குச் சாமுவேலுக்கு நற்கருணை இல்லை என்று நான்தான் எழுதினேன், நான்தான் சபை நடுவில் வாசித்தேன். பின் வரிசையிலிருந்து யோபு எழுந்து நின்றார். "சின்னப் புள்ளைங்கய்யா. இந்த ஒரு தடவ விட்ருங்க" என்றார். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் யோபு" என்றேன். குரலை உயர்த்தாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அன்று மத்தியானம் உன் அம்மா எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பு ஊற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர் மைதானத்தில் மாநில ஜூனியர் அணி கேம்புக்கு ஆள் எடுத்தார்கள். நம் பள்ளியிலிருந்து உன்னையும் உன் கூட்டாளி செல்வத்தையும் இன்னும் நாலு பேரையும் அழைத்துக்கொண்டு வந்தது நான்தான். நீ அன்று ஆடிய ஆட்டத்தை என்னால் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். ஆட்டம் முடிந்ததும் உங்களை எல்லாம் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, லிஸ்டை வாங்க நான் மட்டும் கோச்சிடம் போனேன். அவர் பேப்பரில் உன் பெயரைத் தொட்டுக் காட்டி, "இது உங்க பையனா மாஸ்டர்? சொல்லவே இல்லியே. ரெண்டு காலும் பேசுதுங்க அவனுக்கு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த மூச்சில், "நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. இங்கேருந்து வண்டி கெளம்புது, பத்து நாள் கேம்ப்பு. நாளைக்கு மத்தியானமே ஒரு மேட்ச் இருக்கு" என்றார்.

நாளைக்கு என்றால் ஞாயிற்றுக்கிழமை. முதலில் தேவனுடைய முகம் என் கண் முன்னால் வரவில்லை, யோபுவின் முகம்தான் வந்தது. ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், தன் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று கமிட்டியில் கேட்பார்கள், செயலர் பதவி போய்விடும், முன் பெஞ்சு போய்விடும் என்று மனசு ஓடியது. வீட்டுச் சூழ்நிலை சரியில்லை சார், அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேனாவை எடுத்து உன் பெயரை அடித்தார், கீழே செல்வத்தின் பெயரை எழுதினார். செல்வம் விவசாயி வீட்டுப் பிள்ளை, அவன் வீட்டில் ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான்.

அதுவரைக்கும்கூடப் போகட்டும் என்று சொல்லலாம். ஒரு அப்பன் தன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பிள்ளையை அனுப்பவில்லை. நீ கோபித்திருப்பாய், சண்டை போட்டிருப்பாய், ஒருவேளை என்னை மீறிக்கொண்டு வண்டி ஏறியிருப்பாய். அந்த ஒருவேளைக்குத்தான் பயந்தேன். டீக்கடையில் நீ கையில் கிளாஸை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாய். செல்வத்தின் பெயரை மட்டும் சொன்னேன். நீ அவனைத் தூக்கிச் சுற்றிவிட்டு இறக்கினாய். அப்புறம் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "எனக்கு ஏம்ப்பா வரல?" என்றாய். கோச் சொன்ன வார்த்தை என் காதில் இன்னும் சூடாக இருந்தது. அதையே திருப்பிப் போட்டேன். "எடது காலு சரியில்லன்னாங்கடா தம்பி. வலது காலு மட்டும் வச்சுக்கிட்டு மாநில டீமுக்கு ஆட முடியாதுன்னுட்டாங்க." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக வைக்க வேண்டும் என்பதற்காகப் பொய் சொல்லாதே என்ற கட்டளையைச் சனிக்கிழமை சாயங்காலமே உடைத்தேன். பொய் சொல்ல எங்கள் சபையில் கிழமைத் தடை எதுவும் இல்லை.

அன்று செல்வத்துக்கு நல்ல பூட்ஸ் இல்லை என்று உன் பூட்ஸைத் துடைத்து அவனுக்குக் கொடுத்தாய். மறுநாள் வண்டி கிளம்பிய நேரத்தில் நீ என் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும், "பரவால்லப்பா, ஒரு வருஷத்துல எடது கால சரி பண்ணிடறேன்" என்றாய். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தாய். கோயில் காம்பவுண்டின் தெற்குச் சுவரில், தினமும் பள்ளி விட்டதும், இடது காலால் மட்டும். குறுவை அறுப்பு முடிந்தது, சம்பா நடவு முடிந்தது, வாய்க்காலில் தண்ணீர் நின்றது, நீ நிறுத்தவில்லை. வெஸ்ட்ரியில் கமிட்டிக் கூட்டம் நடக்கும்போது அந்தச் சத்தம் சுவர் வழியாக வரும். நான் தீர்மானம் வாசித்துக்கொண்டிருப்பேன், தொம் தொம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் போதகர்கூட, "பையன் நல்ல உழைப்பாளிங்க" என்றார். உன் அம்மாதான் தாங்காமல் கேட்டாள்: "புள்ள எதுக்குங்க அந்தச் சொவத்தப் போட்டு இந்த ஒத ஒதைக்கிறான்? நீங்க மாஸ்டருதானே, சரியாயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்." சொல்லியிருக்கலாம். சரியாகிவிட்டது என்று சொன்னால் நீ மறுபடி தேர்வுக்குப் போவாய், அந்த கோச்சைப் பார்ப்பாய், குட்டு உடைந்துவிடும். இன்னும் கொஞ்சம் வரணும்டா என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த வருஷம் நீயாகவே விட்டுவிட்டாய். இல்லாத நோய்க்கு எத்தனை மருந்து குடித்தாலும் எப்படிக் குணமாகும்?

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். செல்வம் மாநில அணியில் ஆடி வாங்கிய சர்டிபிகேட்டை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போனான். அவன் கல்யாண மேடையில் உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இவன் பூட்ஸ போட்டுட்டுப் போயிதான்யா நான் மனுசனானேன்" என்றான். நீ சிரித்தாய், உண்மையாகவே சந்தோஷமாகச் சிரித்தாய். பந்தியில் இலையைப் பாதியிலேயே மூடினேன். சுகர் என்று சொல்லி எழுந்துவிட்டேன். நீ கம்பெனி கம்பெனியாக மாறி ஓசூரில் ஸ்டோர் ரூம் வேலையில் உட்கார்ந்தாய். வேலை தாழ்வு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பிரமோஷன் பேச்சு வந்தாலும், "நமக்கெல்லாம் வராதுப்பா" என்று நீ சொல்லும்போது, அந்த வார்த்தை எந்த டீக்கடையில் உனக்குள் போனது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் இப்போது இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கமிட்டிக் கூட்டத்தில், சமோசாவும் டீயும் வந்துகொண்டிருந்த நேரத்தில், இளைஞர்கள் சபையை விட்டுப் போகிறார்கள், ஞாயிறு மத்தியானம் சபை சார்பாகவே கிரிக்கெட் போட்டி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஐந்து நிமிஷம் பேசினார்கள். ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். இப்போது வருஷா வருஷம் நடக்கிறது. முதுகில் சிலுவை போட்ட பனியன், போதகர் டாஸ் போடுகிறார். பழைய மைதானத்தில் பாதியைக் கல்யாண மண்டபம் தின்றுவிட்டதால், அறுத்த வயலில் ஸ்டம்பு நடுகிறார்கள். கம்பைப் பிடுங்கியதும் சபைதான், பந்தைக் கொடுத்ததும் சபைதான், பந்தைப் பூட்டியதும், பிறகு சத்தமில்லாமல் பூட்டைக் கழற்றியதும் சபைதான். ஒவ்வொரு தடவையும் தேவசித்தம் என்றுதான் சொன்னோம். நடுவில் நசுங்கியவர்களிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. போன மாதம் யோபு செத்துப்போனார். சாமுவேல் திருப்பூரிலிருந்து வந்தான், பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு கோயில் கேட் வரைக்கும் வந்து, வேறு ஆளுக்குத் தோள் மாற்றிக் கொடுத்துவிட்டு, தெருவிலேயே நின்றுகொண்டான். சொந்த அப்பனின் அடக்க ஆராதனைக்கு உள்ளே வரவில்லை. நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

உன் போன் வந்த மறுநாள் இளம் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல பையன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் எப்பவோ மன்னிச்சிட்டாருங்கய்யா. இந்த வயசுல மகன்கிட்டச் சொல்லி எதுக்கு அவர் மனச நோகடிக்கணும்?" என்றார். வீடு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கெடுத்தது உன்னை, மன்னிப்பை வாங்கிக்கொண்டு வருவது வேறொருவரிடம். இது எந்த ஊர் நியாயம்? உன் அம்மா இருந்திருந்தால் அவளிடமாவது முதலில் சொல்லிப் பழகியிருப்பேன். அவள் கடைசி வரைக்கும் உன் இடது காலுக்காக ஜெபம் பண்ணியவள்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் பட்டவன் சொல்கிறேன். பிள்ளையை முடியாது என்று தடுக்க ஒரு தகப்பனுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பணம் இல்லை, தூரம் அதிகம், கோயில் நேரம் என்று எதை வேண்டுமானாலும் சொல். பிள்ளை அழும், திட்டும், ஒருநாள் உன்னை மீறிப் போகும். அதெல்லாம் ஆறிவிடும். ஆனால் உனக்கு வராது என்று மட்டும் சொல்லாதே. அது பிள்ளைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, பிறகு அதன் பிள்ளைக்கும் போகிறது. நான் உன்னிடம் சொன்ன பொய்யை நீ உண்மை என்று நம்பி எஸ்தரிடம் கொடுத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. என் கையிலிருந்து வாங்கியதைத்தான் நீ கொடுத்தாய்.

இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. என்னிடம் கேட்க உனக்கு நிறைய இருக்கும், திட்டவும் இருக்கும். நான் ஒரு வார்த்தைகூட மறுக்கப் போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நாம் பேச ஆரம்பித்தால் இரண்டு நாளும் அதிலேயே போய்விடும், வீட்டில் ஒரே அழுகையாக இருக்கும், பெண் தூங்காமல் மைதானத்துக்குப் போவாள். முதலில் அந்த டீச்சரைக் கூப்பிட்டு எஸ்தர் வருகிறாள் என்று சொல். ஞாயிறு காலை நீயே அவளை அழைத்துக்கொண்டு போ, ஆட்டம் முடியும் வரை நில். அவள் பெயர் வராமலும் போகலாம். அப்படியானால் டீச்சர் என்ன காரணம் சொன்னாரோ அதை அப்படியே அவளிடம் சொல்லு, ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே.

உன் கோபத்தைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள். அன்று விடிந்ததிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிடாமல் போனாலும், அது என்னவென்று எனக்குப் புரியும்.

அப்பா